எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது: ஒரு டிரைவருடன் மூன்று வருஷம்

டிரைவரை மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "ஏன், வண்டி ஓட்டுற அண்ணனுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார்கள். நான் சொன்னது கோல்ஃப் டிரைவரை, முதல் அடியைத் தூரமாக அடிக்கும் மட்டையை. பழையது மச்சான் கொடுத்தது, தலை சின்னது. நடுவில் பட்டால் பட்டது கையிலேயே தெரியாது. அரை அங்குலம் தள்ளிப் பட்டால் விரலெல்லாம் ஜிவ்வென்று அதிரும், பந்தும் பாதி வழியில் சுருண்டு விழும்.

புதியது 460 சிசி தலை, 10.5 டிகிரி லாஃப்ட் (பந்தில் மோதும் முகத்தின் சாய்வு), எடையைப் பின்னால் கொண்டுபோய் வைத்த ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாரும் ஒன்று விற்கிறார்கள். "இது எல்லாத்தையும் மன்னிச்சிடும் சார்" என்றார் கடைக்காரர். அந்த 'எல்லாம்' எதுவரை என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது கையில் நீளமாக ஒரு கழி வைத்திருப்பார், பார்த்திருப்பீர்கள். எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைத் திருப்புவது கஷ்டம். டிரைவர் தலையிலும் இதே சங்கதிதான். தகட்டை மெல்லிசாக்கி, மேல்பக்கத்தைக் கார்பனில் செய்து, மிச்சமான கிராம்களை ஓரத்துக்கும் பின்னாலும் தள்ளினால், பந்து ஓரத்தில் மோதும்போது தலை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. இப்படி முறுக்கலுக்கு மசியாத குணத்தின் அளவைத்தான் எம்ஓஐ (நிலைமத் திருப்புத்திறன்) என்கிறார்கள். விதிப்படி தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது; செங்குத்து அச்சில் எம்ஓஐ 5900 கிராம்-சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சோதனையில் இரண்டுக்கும் கொஞ்சம் விலக்கு உண்டு, அவ்வளவுதான்.

அப்படியென்றால் 2024-ல் பிங் கம்பெனி கொண்டுவந்த, எம்ஓஐ பத்தாயிரம் என்று சொல்லும் '10கே' டிரைவர் எப்படி என்று கேட்கலாம். நானும் குழம்பினேன். அந்தப் பத்தாயிரம் இரண்டு அச்சுகளின் கூட்டல். விதி அளப்பது ஒன்றை மட்டும்.

வாங்கிய புதிதில் ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், ஒரு வேலை செய்தேன். பந்தின் பின்பக்கம் ஒயிட்போர்டு மார்க்கரால் புள்ளி வைத்து அடித்தால், பட்ட இடத்தில் டிரைவரின் முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். இருபது பந்தில் நடுவில் விழுந்தவை நாலைந்து. மற்றதெல்லாம் டோ பக்கம், அதாவது தலையின் வெளி நுனியில், கொத்தாக. "டோவுலதான் சார் படுது, ஆனா பரவாயில்ல, ஃபேர்வேக்கு வந்துடுது" என்றார் மட்டைப் பை சுமக்கும் 'கேடி' தம்பி. ஃபேர்வே என்றால் பந்து விழ வேண்டிய நடுப் புல்வெளி. காரணம் முகத்தின் வளைவு. ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், தட்டையாக இருக்காது. வலக்கை ஆட்டக்காரருக்கு டோவில் பட்டால் பந்து கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பும். மோதலில் தலை திரும்புவதால், பல்சக்கரம் பல்சக்கரத்தைச் சுற்றுவதுபோலப் பந்து எதிர்த்திசையில் சுழன்று இடப்பக்கம் வளைந்து திரும்பி வரும். ஹீலில், அதாவது தண்டை ஒட்டிய பக்கத்தில், பட்டால் இதற்கு நேர் எதிர். பழைய டிரைவரில் டோவில் பட்டால் தூரத்தில் முப்பது கஜம் குறைந்துவிடும்; இதில் பத்து, பன்னிரண்டுதான்.

ஆனால் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது? அது அப்படியே இருந்தது! முகம் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி, பந்துக்கு வந்தால், நச்சென்று நடுவில் பட்டாலும் பந்து வலப்பக்கத்து மரங்களுக்குத்தான் போகும். எங்கே படுகிறது என்பதை எம்ஓஐ பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு படுகிறது என்பது அதன் கணக்கில் வராது. கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதை.

முகத்தின் அடியில் படுவதும் அப்படித்தான், பாதி மன்னிப்பு. ஸ்பின் ஏறிப் பந்து மேலே மிதந்து தொங்கும், எதிர்க்காற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். பந்தை நிறுத்தும் டீக் குச்சியைக் கொஞ்சம் உயர்த்தியதும் சரியானது. அதிகமாக உயர்த்திய ஒரு நாளின் நினைவாகத் தலையின் மேல் ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது. ரெண்டு வருஷமாக அடிக்கக் குனிந்து நிற்கும்போதெல்லாம் கண்ணில் குத்துகிறது.

உண்மையில் பெரிய மாற்றம் வந்தது தலையால் அல்ல. ஷாஃப்ட் (தண்டு) 45.5 அங்குலமாக வந்தது. ஒரு வருஷம் கழித்து ஒரு அங்குலம் வெட்டினேன். தலை இறகு மாதிரி லேசாகிவிட்டது. அரை அங்குலத்துக்கு ஸ்விங்வெயிட் (வீசும்போது கையில் தெரியும் தலைக் கனம்) சுமார் மூன்று புள்ளி குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஈயப் பட்டை ஒட்டி ஈடுகட்டினேன். மார்க்கர் புள்ளிகள் அதன் பிறகுதான் நடுப்பக்கம் நகர்ந்தன. தூரம் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை. நடுவில் படுவது கூடினால் பந்தின் வேகமும் கூடுகிறதே.

குறை என்றால் சத்தம். தகர டப்பாவைத் தட்டினாற்போல் இருக்கும், காலை ஆறு மணிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பார். இன்னொன்று, சென்னை வேர்வையில் கிரிப் (கைப்பிடி உறை) வருஷத்துக்கு ஒன்று காலி.

10கே பக்கம் போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரேஞ்சில் ஒருவருடையதை வாங்கி அடித்துப் பார்த்தேன், டோ அடிகள் இன்னும் நேராகப் போயின. ஸ்லைஸ் அங்கேயும் வந்தது. இப்போதைக்கு என்னுடையதையே நாலாவது கிரிப்புக்குக் கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.