மலைக்கு எந்த நீலம், கொழுந்துக்கு எந்தப் பச்சை? அக்ரிலிக் வண்ணங்களின் ஒப்பீடு

கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் நின்று மோயாற்றுப் பள்ளத்தாக்கை நோக்கினால், ரங்கசாமி முகடும் அதற்கு அப்பால் விலகிச் செல்லும் குன்றுகளும் ஒரே நீலத்தின் பல படிகளாகத் தெரியும். அந்தக் காட்சியை அக்ரிலிக்கில் தீட்ட முனைவோர் பெரும்பாலும் தாலோ நீலத்தையோ அல்ட்ராமரைன் நீலத்தையோ கையில் எடுக்கிறார்கள். வண்ணப் பட்டியலில் இவ்விரண்டும் நீலம் என்றே அருகருகே இருந்தாலும், கேன்வாஸில் அவை நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. பல ஆண்டுகளாக இந்த மலையை வரைந்துவருபவள் என்ற முறையில், என் பெட்டியில் எது எந்தக் காரணத்தால் இடம்பெற்றது என்பதை இணை இணையாக எடுத்துச் சொல்கிறேன்.

அல்ட்ராமரைன் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. 1820களின் இறுதியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டறியப்பட்ட பிறகுதான் எளிய ஓவியரும் வாங்கும் விலைக்கு இறங்கியது. டியூபின் பின்புறத்தில் ‘பி.பி. 29’ என்ற நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது அந்த நிறமியே. இது சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம்; கலவையில் பிற நிறங்களை விழுங்கிவிடாத மென்மையும் உடையது. தாலோ நீலமோ 1930களில் சந்தைக்கு வந்த வேதியியல் நிறமி. ‘பி.பி. 15:3’ என்று குறிக்கப்படும் வகை பச்சைப் பக்கம் சாய்ந்தது. அதன் சாயமேற்றும் வலிமை மிகப் பெரிது. உள்ளங்கையளவு வெள்ளையில் ஒரு மிளகளவு சேர்த்தாலே முழுவதும் நீலமாகிவிடும்.

தொலைவிலுள்ள மலைக்கு நான் தயக்கமின்றி அல்ட்ராமரைனையே பரிந்துரைப்பேன். நீலகிரியின் தூரத்து நீலத்தில் எப்போதும் சற்று ஊதாவும் சாம்பலும் கலந்திருக்கும். அல்ட்ராமரைனுடன் வெள்ளையும் நுனித்தூரிகையளவு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்த்தால் அந்தச் சாயல் தானாகவே கிடைக்கிறது. வெள்ளையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கும். தாலோவில் அதையே செய்தால் மலை கடலாகிவிடுகிறது. அந்தப் பச்சைச் சாயலை அடக்குவதற்குச் சிவப்பும் பழுப்பும் சேர்க்கச் சேர்க்க, பேலட்டில் கலவை பெருகுமே தவிர மலை வந்து சேராது. ஆனால் சனவரி மாதத்தில், உறைபனி விழுந்த மறுநாள் காலையில், ஊட்டிக்கு மேலே அடிவானத்தை ஒட்டித் தெளிந்து நிற்கும் வானத்துக்குத் தாலோவை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே என் பெட்டியில் இரண்டும் உண்டு. அல்ட்ராமரைன் டியூப் ஆறு தீரும் காலத்தில் தாலோ ஒன்று தீருகிறது.

பச்சையில்தான் இந்த மலை ஓவியரை அதிகம் சோதிக்கிறது. கடையில் கிடைக்கும் பச்சைகளில் மூன்றை நான் நீண்ட காலம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். குரோமியம் ஆக்சைடு பச்சை (பி.ஜி. 17) மண்ணோடு ஒத்துப்போகும் மங்கலான நிறம், அடியில் உள்ளதை முழுவதும் மறைத்துவிடும், வெயிலில் வெளுக்காது. தாலோ பச்சை (பி.ஜி. 7) அதற்கு நேர் எதிரானது: ஒளி ஊடுருவும், மிகவும் வலியது, தனியாகப் பூசினால் நெகிழிப் பொருளின் நிறம்போல் கண்ணை உறுத்தும். மூன்றாவது சாப் கிரீன்; அக்ரிலிக்கில் அது பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிகளின் கலவையாக இருப்பதால், ஒரு நிறுவனத்தின் சாப் கிரீனும் மற்றொன்றின் சாப் கிரீனும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்தக் காரணத்துக்காகவே அதை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்தை ஒரே பச்சையாகப் பூசுவது புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை. நானும் அதைச் செய்தேன். குரோமியம் ஆக்சைடில் நீலத்தைச் சேர்த்துத் தீட்டிய என் முதல் தோட்டத்தைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அருகில் வந்து பார்த்துவிட்டு, “அக்கா, கொழுந்து இவ்வளவு நீலமா இருக்காதே, இது முத்தின இலை” என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பாடமானது. கொழுந்துக்கு லெமன் எல்லோவில் மிகச் சிறிதளவு தாலோ பச்சையைக் கலந்து, ஊடுருவும் மெல்லிய பூச்சாக இட வேண்டும். அப்போதுதான் வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் ஒளிரும். முத்திய இலைக்கு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளும் அல்ட்ராமரைனும் கலந்த ஆலிவ் பச்சை பொருந்தும். கவாத்து செய்த, அதாவது செடிகளை வெட்டிக் குறைத்த பகுதியில் பச்சையே வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் வெள்ளையும் போதும். குரோமியம் ஆக்சைடு எங்கே வெல்கிறது என்றால், மழைக்குப் பிந்தைய புல்வெளிச் சரிவுகளில். அங்கே ஒளியைவிடப் பரப்பே முதன்மையானது.

சோலைக் காட்டின் நிழலுக்கு மட்டும் டியூப் பச்சை எதுவும் உதவுவதில்லை. தாலோ பச்சையையும் குவினாக்ரிடோன் மெஜந்தாவையும் ஏறத்தாழச் சம வலிமையில் கலந்தால் கருமைக்கு வெகு அருகில் ஓர் ஆழ்ந்த நிறம் பிறக்கும். ஒன்று பச்சை, மற்றொன்று அதை எதிர்த்து அணைக்கும் சிவப்பு. இரண்டும் ஊடுருவும் தன்மையுடையவை என்பதால் அந்த இருளுக்குள் ஆழம் தெரிகிறது. கறுப்பு டியூபால் அதே இடத்தைத் தீட்டினால் கேன்வாஸில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். சோலை மரங்கள் துளிர்க்கும் காலத்தில் மேற்பரப்பில் தெரியும் செம்பு நிறத் தளிர்களை இந்த ஆழத்தின்மேல் பர்ன்ட் சியன்னாவால் தொட்டு வைப்பதுபோல் மகிழ்ச்சியான வேலை எனக்கு வேறில்லை.

மூடுபனிக்கு எந்த வெள்ளை என்பது அடுத்த கேள்வி. டைட்டானியம் வெள்ளை (பி.டபிள்யூ. 6) மறைக்கும், துத்தநாக வெள்ளை (பி.டபிள்யூ. 4) ஊடுருவ விடும். பனி என்றாலே வெள்ளை என்று எண்ணி டைட்டானியத்தை நீரில் கரைத்து மரங்களின்மேல் பூசினால், மரம் பனிக்குள் இருப்பதாகத் தோன்றாமல் சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் பின்னால் நிற்பதாகவே தோன்றும். துத்தநாக வெள்ளையை, பூச்சை மெல்லியதாக்கி ஒளி ஊடுருவச் செய்யும் கிளேஸ் மீடியத்தில் கலந்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகு மூன்று நான்கு முறை இட்டால், மரத்தின் உருவம் கரைந்தும் கரையாமலும் நிற்கிறது. டைட்டானியத்தை மேகத்தின் ஒளிபடும் விளிம்புக்கும், நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையின் வெண்மைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சாம்பல் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேய்ன்ஸ் கிரே என்ற நீலஞ்சாய்ந்த சாம்பல் டியூப் வசதியானது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் உயிருள்ளது. ஒன்றின் அளவைக் கூட்டினால் குளிர்ச்சியும், மற்றதைக் கூட்டினால் வெதுவெதுப்பும் வருகிறது. நான் இந்தக் கலவையையே தேர்ந்துகொண்டேன்.

ஊதாவில் போட்டி நெருக்கமானது. மார்ச், ஏப்ரலில் பூக்கும் ஜகரண்டா மரங்களுக்கும், 2006இலும் 2018இலும் சரிவுகளை நிறைத்த குறிஞ்சிக்கும் டயாக்சசின் பர்ப்பிள் (பி.வி. 23) ஒரு டியூபிலேயே விடை தருகிறது. ஆனால் வெள்ளை அதிகம் சேர்த்து வெளிறச் செய்த நிலையில் அதன் ஒளித்தாங்கும் திறன், அதாவது வெளிச்சத்தில் வெளுக்காமல் நிற்கும் திறன், குவினாக்ரிடோனுக்கு ஈடாவதில்லை. பூக்களை நாம் தீட்டுவதோ பெரும்பாலும் அந்த வெளிறிய நிலையில்தான். அல்ட்ராமரைனையும் குவினாக்ரிடோன் மெஜந்தாவையும் கலந்தால் ஜகரண்டாவின் நீலம் சாய்ந்த ஊதாவும் குறிஞ்சியின் நிறமும் அளவை மாற்றுவதாலேயே கிடைக்கின்றன. சன்னலோரச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கப்போகும் படத்துக்கு இந்தக் கலவையையே நம்புவேன்.

மஞ்சளில் காட்மியம் நன்றாக மறைக்கும், வலுவும் உண்டு, விலையும் அதிகம். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் உலர்ந்த பூச்சைத் தேய்த்துத் தூளாக்கவோ தெளிப்பானில் இட்டு அடிக்கவோ கூடாது. ஹன்சா மஞ்சள் மறைப்பதில் பின்தங்கினாலும் என் வேலைக்குப் போதுமானது. இங்கே வீட்டுக் கழிவுநீர் சரிவில் இறங்கி ஓடையில்தான் சேர்கிறது. அதனால் எந்த வண்ணமானாலும் தூரிகையை முதலில் துணியில் துடைத்துவிட்டு, கழுவிய நீரை வாளியில் தெளிய வைத்து, அடியில் தங்கிய கசடைக் குப்பையோடு சேர்க்கிறேன்.

எந்த வண்ணத்தைத் தேர்ந்தாலும் மலையின் குளிர் அதன்மேல் வேலை செய்யும். ஈரமான அக்ரிலிக்கில் நிறமியைப் பிடித்துவைக்கும் பிணைப்பான் பால்போல் வெளுத்திருக்கும், உலரும்போது தெளியும். ஆகவே எல்லா நிறமும் உலர்ந்தபின் சற்று அடர்ந்து தெரியும். சூலை மாத மூடுபனியில் உலர்வதற்கு நேரம் பிடிக்கும். அது சாயல்களை இணைப்பதற்கு உதவியே. ஆனால் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பிணைப்பானின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இணையாமல் படலம் வலுவிழந்துபோகும். திசம்பர், சனவரியில் மாலை நான்கு மணிக்கு மேல் வெளியில் தூரிகையைத் தொடுவதில்லை; அன்றன்று தீட்டிய கேன்வாஸை அடுப்பின் வெதுவெதுப்பு தங்கியிருக்கும் சமையலறைச் சுவரில் இரவு முழுவதும் சாய்த்து வைக்கிறேன்.