மங்கு தெரிய ஒரு படம்: ஊட்டி போட்டோ வகுப்பு

ஊட்டியில் ஒரு ஸ்டுடியோ நடத்தும் சுயஉருவப்பட வகுப்புக்குப் போனேன். காலையில் சயனோடைப், அதாவது வெயில் பட்டு நீலமாக விழும் அச்சு. மதியம் வெட் பிளேட், அதாவது ஈரத் தகட்டில் எடுக்கும் படம். எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) கம்பெனி பிலிம் செய்த ஊராயிற்றே என்ற ஆசைதான். கட்டணம் கொஞ்சம் கடிக்கும், ஆனாலும் மதிய வகுப்புக்காகவே போகலாம்.

1851-ல் வந்த முறை இந்த வெட் பிளேட். தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஊற்றுவதும் வெளிச்சம் பார்த்து நாற்காலி போடுவதும் நாமே, லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்ட மட்டும் ஓர் ஆள். எட்டு விநாடி ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும், பின்மண்டைக்கு இரும்புத் தாங்கி உண்டு. செல்ஃபிக்குப் பழகிய சிரிப்பு அவ்வளவு நேரம் எங்கே நிற்கிறது, பாதியிலேயே கழன்றுவிடுகிறது, அப்புறம் மிச்சமிருக்கும் முகம்தான் விழுகிறது.

படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டதும் பால்நிறம் விலகி முகம் தெளிந்தது, எனக்குத் திக்கென்றது. இந்த ரசாயனத்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. அதனால் குங்குமம் கறுப்பு, உதடு கறுப்பு, கிரீம் தடவித் தடவி மங்க வைத்திருந்த கன்னத்து மங்கு கண்ணாடியில் இருப்பதைவிடப் பளிச்சென்று. இடவலம் மாறி விழுவதால் மூக்குத்தியும் மறுபக்கம். பாஸ்போர்ட் போட்டோவையே வெளுப்பாக்கித் தரும் ஊர்க்காரிக்கு இது லேசில்லை. ஆனால் அம்மா ஜாடை எனக்கு இருப்பது இந்தப் படத்தில்தான் தெரிகிறது.

குறைகள். காலையில் மஞ்சு இறங்கிவிட்டது, யுவி விளக்கு வைத்திருக்கவில்லை, வெயில் போதாத சயனோடைப்பெல்லாம் கழுவும்போதே தண்ணீரோடு போயிற்று. சில்வர் நைட்ரேட்டுக்குக் கையுறை தந்தார்கள், கண்ணுக்கு எதுவும் இல்லை. அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, இதில் அலட்சியம் கூடாது.

எரிச்சலானது சாயங்காலம்தான். வட்டமாக உட்கார வைத்து, ஆளாளுக்குப் படத்தைத் தூக்கிக் காட்டி மனக்காயத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண் எழுந்தே போய்விட்டாள். போட்டோ எடுக்கத் தான் கண்டுபிடித்த முறையை விட்டு, டாகேர் என்பவரின் முறையைப் பிரெஞ்சு அரசு தூக்கிப்பிடித்த ஆதங்கத்தில், 1840-ல் பயார் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னையே நீரில் மூழ்கிய பிணமாகப் படம் எடுத்த கதையைச் சொன்னதும் இவர்கள்தான். அவர் படத்தின் பின்னால் எழுதித்தானே வைத்தார்? பேசப் பிடிக்காதவர்களுக்கு அப்படி ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் போதுமே.

போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், வெயில் கிடைக்கும். பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், சில்வர் கறை போகாது. ஊட்டிக்கு வண்டியில் வர இ-பாஸ் மறக்காதீர்கள்.