பட்டி, தத்த, அண்ணான்: எங்கள் வீட்டுக்கு எந்தப் படப் புத்தகம்?

எங்கள் வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. பாப்பாவுக்கு நான்கு வயது. அங்கன்வாடி டீச்சர் கொஞ்சுவது மலையாளத்தில், பாட்டி அதட்டுவது தமிழில். இவளுக்குப் படித்துக் காட்டப் புத்தகம் வாங்கலாம் என்றால் முதலில் வருகிற கேள்வியே எந்த மொழியில் என்பதுதான். ஒரு வருடமாக மூன்று வகையை மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தாயிற்று.

முதலில் வாங்கியது தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்கள். 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இந்த வகையில் நிறையப் போட்டிருக்கிறது. படங்களில் நம் ஊர்த் திண்ணையும் நம் ஊர் ஆடும் இருக்கும், அதில் குறையே இல்லை. சங்கடம் வாய்விட்டுப் படிக்கும்போதுதான். தமிழ் வரியை முடித்துவிட்டு ஆங்கில வரிக்குப் போவதற்குள் பாப்பா பக்கத்தைத் திருப்பிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை கதை நகர்ந்துவிட்டது, அம்மா மட்டும் அங்கேயே நிற்கிறாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் படிக்கலாம், சரி. அப்படியானால் அந்த வரிகள் எங்கள் வீட்டுக்கு எதற்கு?

இரண்டாவது வகைக்குச் செலவு இரட்டிப்பு. ஒரே புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்று, மலையாளப் பதிப்பு ஒன்று. தூலிகா ஆங்கிலத்தோடு சேர்த்து ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுவதால் இப்படி ஜோடி கிடைக்கிறது. எனக்கு மலையாள எழுத்து எறும்பு வேகத்தில்தான் ஓடும். வீட்டுக்காரர் மலையாள மீடியத்தில் படித்தவர். ஆகவே தமிழ்ப் புத்தகம் என் மடியில், மலையாளம் அவர் மடியில், பாப்பா நடுவில்.

இதில் நடந்த வேடிக்கையை எந்தப் புத்தகமும் திட்டமிட்டிருக்காது. நாய்ப் படத்தைக் காட்டி அவர் 'பட்டி' என்றார். பாப்பா திரும்பிப் பாட்டியைப் பார்த்தாள். கிளிக்கு 'தத்த' என்றதும் தாத்தாவைத் தேடினாள். அணிலுக்கு மலையாளத்தில் 'அண்ணான்'. அத்தை மகனை இவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். மொத்தக் குடும்பமும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது. என் அம்மா மட்டும் இரண்டு நாள் உர்ரென்று இருந்தாள். ஆனால் ஒரே படத்துக்கு இரண்டு பெயர் உண்டு, இதை வீட்டிலும் அதை அங்கன்வாடியிலும் சொல்ல வேண்டும் என்பது அந்த வாரத்தோடு பாப்பாவுக்குப் பிடிபட்டது. இருமொழிப் புத்தகத்தில் கிடைக்காதது இதுதான். அங்கே இரண்டு மொழியும் ஒரே வாயிலிருந்து வந்தது. இங்கே மொழிக்கு ஒரு மடி.

மூன்றாவது, எழுத்தே இல்லாத அல்லது பக்கத்துக்கு நாலைந்து சொல் மட்டும் உள்ள படப் புத்தகம். எழுத்தில்லாத புத்தகத்துக்குக் காசா என்று நானே முகம் சுளித்தேன். இப்போது என் கட்சி இதுதான். என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், 'கண்ணாடியக் காணோம்' என்று எப்போதும் நழுவிவிடுவாள். இந்தப் புத்தகத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. படத்தைப் பார்த்துக் கதை கட்டுகிறாள், "அப்புறம் இவன் எங்க போனான் கண்ணு?" என்று கேட்கிறாள், பாப்பா சொன்ன அரைகுறை வாக்கியத்தை முழுசாக்கித் திருப்பிச் சொல்கிறாள். 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு பெற்றோர்களுக்குப் பழக்கிக் கொடுத்தது கிட்டத்தட்ட இதையேதான். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்துவிடாத கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்வது. ஒரே மாதத்தில், சும்மா படிக்கக் கேட்ட குழந்தைகளைவிட இந்தப் பெற்றோர்களின் குழந்தைகள் பேச்சில் முன்னால் போயிருந்தார்கள்.

இந்த வகையில் இன்னொரு தொல்லையும் தீர்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று அச்சாகியிருக்கும், எங்கள் வாயில் அது 'ஓடீட்டு இருக்குது'. எழுத்து நடையில் படித்தால் பாப்பா ரேடியோ கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். பேச்சில் மாற்றினால் கதைக்குள் வந்துவிடுவாள். ஆனால் எப்போதும் மாற்றிக்கொண்டே இருந்தால் எழுத்துத் தமிழ் காதில் விழுவது எப்போது? அதனால் முதல் சில தடவை எங்கள் பேச்சு, கதை மனப்பாடமான பிறகு அச்சில் உள்ளபடி. எழுத்தில்லாத புத்தகம் பேச்சுக்கு மட்டும்தான் உதவும். அதற்காகவே தமிழ்ப் பதிப்பையும் கைவிடவில்லை.

போனில் படிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆனால் போன் கைக்கு வந்தால் பாப்பாவின் விரல் கதையைத் தாண்டி ஓடுகிறது. கதை பிடிக்குமா என்று நான் முன்கூட்டிப் பார்க்க மட்டும் போன். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு என்று கெட்டி அட்டையில் வருபவை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பால் தம்ளர் வைக்க வசதி.

கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு என்றால் எழுத்தில்லாததை வாங்குவேன். கொஞ்சம் கூட இருந்தால் தமிழ், மலையாள ஜோடி. இருமொழிப் புத்தகங்களைக் கோயமுத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே இங்கிலீஷில் கேட்டால்தான் பிள்ளைக்கு பிஸ்கட்டே கிடைக்கும்.