பாலகனை ஒட்டியே விற்கிறார்கள்: ஒரு குடில் செட் அனுபவம்

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், டிசம்பர் வந்தால் ரோட்டோரம் முளைக்கிற கடைகளில் ஒன்றில்தான் இந்த வருடம் கிறிஸ்துமஸ் குடில் செட் (இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பொம்மைகள்) வாங்கினேன். 11 உருவங்கள், 950 ரூபாய், பேரம் பேசி 800. வாசல் முழுக்க ஆடுகிற சாண்டா, பஞ்சுப் பனி (நம்ம ஊர் வெயிலில்!), எல்.இ.டி. ஸ்டார். குடில் எங்கே என்று கேட்டால் பின்னால் ரப்பர் செருப்பு அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கை காட்டுகிறார்கள். அந்த சாண்டாவே மீரா நகரத்து ஆயர் (பிஷப்) நிக்கோலாஸிடமிருந்து வந்தவர்தான், ஆனால் அங்கிருந்த ஒன்றில்கூட சிலுவை இல்லை.

சரி, பொருள் எப்படி? மாதாவின் முகம் அழகு, நீலச் சேலை விளிம்பில் பொன் கோடுகூட நடுங்காமல் இழுத்திருக்கிறார்கள். மாடும் கழுதையும் பரவாயில்லை. இடையனுக்கு மட்டும் ஒரு கண் நெற்றியில்.

பெரிய குறை, குழந்தை இயேசுவைத் தீவனத்தொட்டியோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும்வரை தொட்டி காலியாகத்தான் இருக்கும், வீட்டிலேயே சின்னப் பிள்ளை வந்து பாலகனை வைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறும் காத்திருப்பதே அதற்குத்தானே. 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து இயேசு பிறப்பைக் காட்டியபோது யாரும் பசை தடவவில்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். "அது ஒட்டித்தான் வரும் சேட்டா, ஸ்டார் வேணுமா?" என்றார்.

வீட்டில் ஹேக்ஸா பிளேடால் பிரித்தெடுத்தோம். பாலகன் முதுகில் கொஞ்சம் வைக்கோல் ஒட்டியிருக்கிறது. ஐந்துக்கு மூன்று ஸ்டார், மாதா முகத்துக்காக.