லே மான்ஸ் 1955: ஆவணப்படமா, அனிமேஷனா?

பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேர கார் பந்தயத்தில் 1955 ஜூன் 11 அன்று நடந்த விபத்து பற்றிய இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். 2010-ல் பிபிசி ஃபோர் ஒளிபரப்பிய ‘தி டெட்லியஸ்ட் க்ராஷ்’ ஆவணப்படம் ஒரு மணி நேரம். 2018-ல் வந்த ‘லே மான்ஸ் 1955’ அனிமேஷன் குறும்படம் கால் மணி நேரம்.

விபத்து எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமா, பிபிசிதான். பார்வையாளர்கள் எடுத்த ஃபிலிம், புகைப்படங்கள், நேரில் கண்டவர்களின் பேச்சு எல்லாவற்றையும் வைத்து அந்தச் சில நொடிகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஜாகுவாரில் வந்த மைக் ஹாதார்ன், லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின்-ஹீலியைத் தாண்டிய கையோடு பிட்டில் (பெட்ரோல் போட, டயர் மாற்ற ஓடுபாதை ஓரமாக கார் நிறுத்தும் இடம்) நிறுத்த பிரேக் அடிக்கிறார். டிஸ்க் பிரேக், சட்டென்று பிடிக்கிறது. மோதிவிடாமல் இருக்க மேக்லின் இடப்பக்கம் ஒடிக்கிறார். அங்கே 200 கி.மீ.க்கு மேல் வேகத்தில் பியர் லெவெக்கின் மெர்சிடிஸ். ஹீலியின் சரிவான பின்பக்கத்தில் ஏறி அப்படியே பறக்கிறது. லெவெக்கும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். காரின் பாடி மக்னீசியக் கலவை. தண்ணீர் ஊற்ற ஊற்ற நெருப்பு கூடியது. இத்தனைக்கும் பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை.

குறை என்றால், யார் மேல் தப்பு என்று துப்பறியும் வாடை கொஞ்சம் தூக்கல்.

அனிமேஷன் அந்தப் பக்கமே போகவில்லை. லெவெக் இறங்கியதும் அதே காரில் ஏறக் காத்திருந்த ஜான் ஃபிட்ச், அணி மேலாளர் நாய்பாவர், அவ்வளவுதான். பந்தயம் நிற்கவில்லை, கூட்டம் கலைந்தால் ஆம்புலன்ஸ்களுக்கு வழி அடைபடும் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். முன்னணியில் இருந்தும் மெர்சிடிஸ் நள்ளிரவுக்குப் பிறகு விலகியது. ஜாகுவார் விலகவில்லை. ஹாதார்ன் ஜெயித்தார். வசனங்களை ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது, சரி. ஆனால் பக்கத்தில் இத்தனை பேர் செத்துக் கிடக்க, கார்கள் சுற்றிக்கொண்டே இருந்த அந்த இரவு இதில்தான் உறைக்கிறது.

ஒன்றைத்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு என் ஓட்டு பிபிசிக்கு. கூட ஒரு கால் மணி நேரம் இருந்தால், அதைப் பார்த்த பிறகு அனிமேஷன். முதலிலேயே பார்த்தால் ஃபிட்ச் எதற்காக அவ்வளவு பதறுகிறார் என்று பாதி புரியாது.