வாக்கரா, நடைவண்டியா, வெறும் பாயா?

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனதுமே வாக்கர் பேச்சு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் வந்தது. வாக்கர், மர நடைவண்டி, தரையில் விரித்த பாய் மூன்றையும் யோசித்துவிட்டுப் பாயை எடுத்தோம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாக்கரின் வசதி தெரிந்ததுதான்: பிள்ளை அழாமல் சுற்றும், நாம் சமையலை முடித்துவிடலாம். ஆனால் ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் நகர்ந்துவிடும். படிக்கட்டுப் பக்கம் போனால் ஓடிப்போய்ப் பிடிக்க நேரமிருக்காது. கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நான் அதிகம் யோசித்தது, பிள்ளையின் எடையை எது தாங்குகிறது என்பதைத்தான். வாக்கரில் துணி இருக்கை தாங்கிக்கொள்கிறது. நுனிக்காலால் தரையை உந்தினால் போதும், வண்டி ஓடும். முன்னால் உள்ள தட்டு மறைப்பதால் தன் கால்கூடப் பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது. சாய்ந்தால் நிமிர்வது, விழப்போனால் கையை ஊன்றுவது, நின்றபடி இருந்து மெல்ல உட்காருவது என நடைக்கு வேண்டிய எதற்கும் அங்கே வேலையில்லை.

பாயில் எல்லாம் அதன் உடம்பேதான் செய்ய வேண்டும். மகளைக் குப்புறப் போட்டு, கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைப்பேன். முதலில் வயிற்றை ஊன்றிக் கடிகார முள் மாதிரி சுற்றுவாள். அப்புறம் முழங்கையால் உடம்பை இழுத்துக்கொண்டு போய் டம்ளரைத் தட்டுவாள். அது உருண்டதும் மறுபடி துரத்துவாள். கட்டிலைப் பிடித்து எழ ஆரம்பித்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டோம். டைல்ஸ் தரையில் வெறுங்கால்தான் வழுக்காமல் பிடிக்கும். நகரத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிணுங்கினால் எடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து மறுபடி போடலாம்.

இதற்கு ஆள் கூடவே உட்கார வேண்டும். தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இது லேசான காரியமல்ல. அடுப்படி நேரத்துக்கு நாலு பக்கமும் தடுப்புள்ள பிளேபென் உதவும்.

நடைவண்டி வேறு ரகம். அதில் பிள்ளை தன் காலில்தான் நிற்கிறது. தானாக எழுந்து நிற்கத் தொடங்கியபின், ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கலாம். சக்கரம் வேகமாக ஓடினால் முன்னால் விழும். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள்தான் இருந்தது, அதனால் இதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக்க வேண்டாம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் கவனித்த ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கியது சுமார் 8 மாதம் முதல் 17.5 மாதம் வரை. நூற்றில் நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. குறைமாதக் குழந்தை என்றால், டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும். 9 மாதம் ஆகியும் உட்காரவில்லை, 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, ஒரு பக்கக் கை காலை மட்டுமே பயன்படுத்துகிறது, செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டது என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.