தலை தேய்ந்த திருகாணிகள்: கல்லடியில் ஏழு வருடப் பாவிப்பு

கடலுக்கும் வாவிக்கும் நடுவே, மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டோடு சேர்ந்த ஒரு சிறிய திருத்தகம் வைத்திருக்கிறேன். இந்த உப்புக்காற்றில் இறுகிய திருகாணி ஒன்றாவது வந்து சேராத வாரம் எனக்கு நினைவில் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ட்ரைவர் ஒன்றையும், உடைந்த ஆணிகளைக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் தொகுதி ஒன்றையும் ஒரே நாளில் வாங்கினேன். பிறகு இடப்பக்கம் சுழன்று வெட்டும் ட்ரில் பிட்கள் சிலவும், 60 வாட் சோல்டரிங் அயன் ஒன்றும் சேர்ந்தன. இவற்றுள் அதிக விலை கொடுத்தது எக்ஸ்ட்ராக்டருக்குத்தான். மிகக் குறைவாகப் பயன்பட்டதும் அதுதான்.

இம்பாக்ட் ட்ரைவரைப் பற்றிக் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. அடி விழும்போது உள்ளே இருக்கும் சாய்வுப் பள்ளம் அந்த விசையைத் திருப்பு விசையாக மாற்றுகிறது. அதே கணத்தில் பிட்டும் தலைக்குள் அழுத்தப்படுவதால் வழுக்கிக் கிளம்ப வழியில்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியின் ஆணிகளுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஆனால் மெல்லிய வார்ப்புகளுக்கு இது ஆகாது. பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியில் இருந்த 4 மி.மீ ஆணியை இதனால் அடித்து, மூடியின் காதையே உடைத்தது என் முதல் வருடப் பாடம். ஜப்பானிய வண்டிகளில் தலையில் சிறு புள்ளியிட்ட குறுக்குப்பள்ள ஆணிகள் இருக்கும். அவற்றுக்குச் சாதாரண பிலிப்ஸ் முனை பொருந்தியது போலத் தோன்றினாலும் அடிவரை இறங்காது. அந்த அளவுக்கென்றே வரும் ட்ரைவரை வாங்கிய பிறகு பாதி ஆணிகள் சுத்தியல் இல்லாமலே கழன்றன.

சோல்டரிங் அயனின் மதிப்பு எனக்கு விளங்கியது ஒரு துப்பாக்கியால். கனடாவில் உரிமத்துடன் மான் வேட்டைக்குப் போகும் மச்சான் ஒருவர், தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தகட்டின் அலன்கீ ஆணி ஒன்றின் அறுகோணப் பள்ளம் வட்டமாகத் தேய்ந்து போனதாகக் காணொளி அழைப்பில் காட்டினார். அங்குலத்துக்கு 48 புரி கொண்ட, ஏறத்தாழ மூன்றரை மி.மீ தடிப்பான சின்ன ஆணி அது.

"மச்சான், அடிச்சுக் கழட்டட்டா?" என்று கேட்டார்.

"முதல்ல போல்ட்டைக் கழட்டி, உள்ளுக்கு ரவை இல்லையெண்டு எனக்குக் காட்டுங்க" என்றேன். போல்ட் என்றது ஆணியை அல்ல, துப்பாக்கிக்குள் ரவையைத் தள்ளிப் பூட்டும் பாகத்தை.

அங்கே துரு எதுவும் இருக்கவில்லை. ஆணி அதிர்வில் கழன்றுவிடக் கூடாது என்று யாரோ புரியில் இட்டிருந்த பசைதான் பிடித்துக்கொண்டிருந்தது. நடுத்தரப் பசை ஓரளவு சூட்டிலேயே தளரும். சிவப்பு நிறக் கடினப் பசைக்கு 250 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். தொலைநோக்கியை முதலில் கழற்றி வைத்துவிட்டு, அயனின் முனையை ஆணித்தலையில் மட்டும் இரண்டு மூன்று நிமிடங்கள் வைக்கச் சொன்னேன். தீச்சுவாலை பிடித்தால் உருக்கின் பதமும் மேற்பூச்சும் கெடும். சூடு ஆறுவதற்குள் சற்றுப் பெரிய, நட்சத்திர வடிவ டோர்க்ஸ் பிட் ஒன்றைச் சிறு சுத்தியலால் பள்ளத்துக்குள் இறுக்கமாகத் தட்டி இறக்கித் திருப்பினார். கிறீச் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்திராவிட்டால் துப்பாக்கித் திருத்துநரிடம் கொண்டுபோகத்தான் சொல்லியிருப்பேன். ரவை வெடிக்கும் இடத்துக்கு மேலே வீட்டு ட்ரில்லை இறக்குவது விளையாட்டல்ல.

எக்ஸ்ட்ராக்டர் கதை பாலமீன்மடுவிலிருந்து வந்த ஒரு படகு எஞ்சினோடு தொடர்புடையது. தெர்மோஸ்டட் மூடியின் 6 மி.மீ துருப்பிடிக்காத உருக்கு ஆணி, தலை அறுந்து அலுமினியத்துக்குள் நின்றுவிட்டது. உப்புநீர் பட்டால் இவ்விரு உலோகங்களுக்கும் இடையில் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெள்ளைத் தூளாகப் பெருத்து, புரியை அடைத்துவிடும். நான் அவசரப்பட்டு நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டரை முறுக்கினேன். கூம்பு வடிவான அந்தக் கருவி உள்ளே போகப் போக, துளையிட்ட ஆணியை வெளிப்புறமாக விரித்து மேலும் இறுக்குகிறது என்பதை, அது 'டிக்' என்று முறிந்த பிறகே யோசித்தேன். கடினப்படுத்திய அந்தத் துண்டின் மேல் சாதாரண ட்ரில் வழுக்கியது. லேத் பட்டறையில் கார்பைட் முனையால் எடுத்து, துளையைப் பெருப்பித்துப் புதுப் புரி வெட்டிய செலவு முழுவதும் என் கணக்கில்.

இப்போது அத்தகைய ஆணிகளுக்கு இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெய் விடுகிறேன். பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்து, எரிபொருள் குழாயையும் தாங்கியையும் அகற்றி வைத்துவிட்டு, ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குகிறேன். ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளர்கிறது. துப்பாக்கியில் ஆணியைச் சூடாக்கினோம், இங்கே ஆணியின் வீட்டைச் சூடாக்குகிறோம். அப்படியும் வராவிட்டால் இடப்பக்க ட்ரில். பல தடவை, துளை பாதி ஆழம் போகுமுன்னரே ஆணி பிட்டோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்திருக்கிறது.

வாடைக்காலத்தில் கருவிகளே துருப்பிடிப்பதால் அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைக்கிறேன். இம்பாக்ட் ட்ரைவரின் உடல் இன்னும் நன்றாக இருக்கிறது. அதனுடன் வந்த பிட்கள் மட்டும் இரண்டாம் வருடத்திலேயே தேய்ந்து, வேறு வாங்க வேண்டியதாயிற்று. எக்ஸ்ட்ராக்டர் பெட்டியில் ஐந்தில் நான்கு, வாங்கிய நாளின் பளபளப்போடு அப்படியே கிடக்கின்றன.